எண்ணெய் தொடாத உறை

...இத்தனை விதமா, அடேயப்பா, என்று சம்லிக்கு வாய் திறந்தபடியே நின்றுவிட்டது, மேசை முழுக்கச் சின்னச் சின்னத் தட்டுகள், ஒவ்வொன்றிலும் பிரித்து வைத்த ஆணுறை, ஊறுகாய்க் கடையில் ருசி பார்க்க வைத்ததைப் போல... மெல்லியது, அதைவிட மெல்லியது, நுனி அகன்றது, புள்ளி வைத்தது, வரி ஓடியது, ஸ்ட்ராபெரி வாசம், வாழைப்பழ வாசம், ஒரு வாசமும் இல்லாதது... இந்தத் தொழிற்சாலையில்தானே தலை நரைத்தது அவளுக்கு, சோதனைப் பகுதியில் நாள் முழுக்க இரும்புக் கம்பிகளில் ஆணுறை மாட்டுகிற வேலை, கம்பி சுற்றிப்போய் மின்சாரத்தில் பட்டுவிட்டு வரும், ஓட்டை இருந்தால் இந்தப் பக்கம் விழும், இல்லாவிட்டால் அந்தப் பக்கம், தூக்கத்தில்கூடக் கை மாட்டுவது போல அசையும் என்று மகள் சிரிப்பாள்... புள்ளியும் வரியும் அவளுக்குப் பழக்கம்தான், ஆனால் இந்த ஈரம், இந்தப் பளபளப்பு? அவள் கைக்கு வரும்போது எல்லாமே வெள்ளைத் தூள் அப்பி, காய்ந்த சருகாகத்தான் வரும். எண்ணெய் போடுவதும் உறையிலிட்டு ஒட்டுவதும் சுவருக்கு அந்தப் பக்கம், தனி உடுப்பு மாட்டியவர்களைத் தவிர யாரையும் உள்ளே விடமாட்டார்கள். பளபளப்புக்காக எதையோ பூசுகிறார்கள், ஆப்பிளுக்கு மெழுகு பூசுவதைப் போல, என்று நினைத்திருந்தாள், நினைத்திருந்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது, அதைப் பற்றி எதற்கு நினைக்கப் போகிறாள்?

சாப்பாட்டு நேரம் முடிந்ததும் அலுவலகத்துப் பெண் ஓராதை வந்து சோதனைப் பகுதிப் பெண்களைக் கூப்பிட்டாள், புதுச் சரக்கு போடப்போகிறார்களாம், பெண்களுக்கு எது பிடிக்கும் என்று கேட்க வேண்டுமாம். "அக்கா, தொட்டுப் பாருங்க, வெக்கப்படாம சொல்லுங்க, இதுவரைக்கும் ஆம்பளைங்க சொன்னதை வச்சேதான் செஞ்சிட்டோம்." வெட்கமா, பக்கத்தில் நின்று மாட்டுகிற ஜியாப்புக்கா? "காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் கம்பிக்கு மாட்டிவிடுறவளுக்கு என்னடி வெக்கம்!" என்று அவள் எடுத்துவிட்டதும் அறையே குலுங்கியது. அப்புறம் யாரையும் நிறுத்த முடியவில்லை. புள்ளி வைத்தது வேண்டவே வேண்டாம் என்றாள் ஜியாப், "அது அவனுக்குப் பெருமை, நமக்கு எரிச்சல்." ரப்பர் வாசம் கூடாது என்றாள் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவனின் மனைவி சொம்சித், "என் வீட்டுக்காரன் சட்டையிலயும் ரப்பர் நாத்தம், தலையணையிலயும் ரப்பர் நாத்தம், அங்கேயும் அதே நாத்தம்னா நான் எங்கேடி போவேன்?" அப்புறம் அவளே குரலைத் தாழ்த்திச் சொன்னாள், பலகைச் சுவர் வீடு, கிழிக்கிற சத்தம் மாமியார் காதில் விழுகிறது, சத்தம் வராத காகிதத்தில் போடக்கூடாதா என்று. ஓராதை சிரிக்கவில்லை, தலையை ஆட்டி எழுதிக்கொண்டாள். சம்லிக்கு உடம்பு சிலிர்த்தது. இப்படியெல்லாம் பட்டப்பகலில் பேசலாமா, கேட்டுக்கொள்ளவும் ஒருத்தி இருப்பாளா, எத்தனை வருஷம் பக்கத்தில் பக்கத்தில் நின்று மாட்டியிருக்கிறோம், இவர்களுக்கு இப்படி ஆசைகள் இருந்தது எனக்கு ஏன் தெரியாது? எனக்கு என்ன ஆசை... அவளுக்குப் பிரசோங்கின் ஞாபகம் வந்தது, வந்த வேகத்தில் பயமும் வந்தது. ஏரிப் படகோட்டுகிற மனுஷன், மனைவியை இழந்தவன், மூன்று மாதமாக மீனும் குழம்புக்குப் பெத்தாய்க் கொட்டையும் கொண்டுவந்து வாசலோடு கொடுத்துவிட்டுப் போகிறவன், நேற்றுக் கேட்டுவிட்டான், "ஞாயித்துக்கிழமை உன் வீட்ல சாப்பிட்டுட்டு அப்படியே தங்கட்டுமா சம்லி? வேணாம்னா வேணாம், கோவிச்சுக்க மாட்டேன், ஆனா நாளைக்குள்ள சொல்லிடு, மனசு கெடந்து அடிச்சுக்குது." இன்று சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறாள், அவனைப் பிடிக்காமலா? தன் உடம்பு அதற்கு லாயக்கில்லை என்று அவளுக்குத்தான் தெரியுமே.

ஓராதை தட்டை நகர்த்தினாள், சம்லி இரண்டு விரலால் எடுத்தாள், எடுத்தது நழுவியது, பிடித்தாள், மறுபடி நழுவியது, வழவழவென்று, தொட்டது விரலுக்கே தெரியாமல்... இதுவா? நான் நாள் முழுக்கத் தொடுகிற அதுவா இது? முதல் குழந்தை பிறந்த வருஷம் மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் வாந்தியாக எடுத்தது, அப்போது சோதனையில் தேறியும் நிறம் மங்கியது என்று ஒதுக்கியதை எல்லாம் வேலை செய்கிறவர்களையே எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள், எல்லோரும் அரிசிப் பையின் வாயைக் கட்டக் கொண்டுபோவார்கள், இவள் கெட்டிக்காரத்தனமாக அதை வினய்க்குக் கொடுத்தாள், புருஷனுக்கு. நல்ல கெட்டிக்காரத்தனம்! எண்ணெய்க்குப் போகாத, தூள் அப்பிய, காய்ந்த உறை... கண்ணில் நீர் முட்டிய அந்த வலி, மறுபடியும் அதே, மறுபடியும், அப்புறம் அவன் பக்கத்தில் வந்தாலே உடம்பு இறுகிவிடும், உறை இல்லாமல் வந்தாலும் இறுகிவிடும், அவன் ஒருநாள், "நீ காஞ்ச கட்டைடி, உன்னை என்ன செய்யறது" என்றான், அவள் அதை அப்படியே நம்பினாள், அவனும் நம்பித்தானே பூக்கெத் தீவுக்குப் போய் இன்னொருத்தியோடு குடித்தனம் போட்டான்... "இந்த எண்ணெய்," என்று கேட்டாள் சம்லி, "எல்லாத்துக்கும் போடுவாங்களா? அந்தக் காலத்துலயும் போட்டாங்களா?" ஓராதை நிமிர்ந்து பார்த்தாள். "என்னக்கா இப்படிக் கேக்கறீங்க? போடாம எப்படி? அது இல்லாம மாட்டினா தோலே உரிஞ்சிடும், யாரா இருந்தாலும் வலிக்கும்."

யாராக இருந்தாலும். சம்லி விரலை விரலோடு தேய்த்துக்கொண்டே இருந்தாள், யாராக இருந்தாலும், ஜியாப்பாக இருந்தாலும், பூக்கெத்துக்காரியாக இருந்தாலும், இந்த ஓராதையாகவே இருந்தாலும்... அப்படியென்றால் நான் கட்டை இல்லையா? ஒரு சொட்டு எண்ணெய், சுவருக்கு அந்தப் பக்கம் சொட்டுகிற ஒரே ஒரு சொட்டு, இங்கிருந்து எட்டிப் பார்த்தால் தெரிகிற தூரம், அதற்காகவா இத்தனை வருஷம் தனியாகப் படுத்தேன்? அழ வேண்டும் போலவும் இருந்தது, கோயிலில் பெரிய புத்தரை முதல்முதலாக அண்ணாந்து பார்த்த சிறுமியைப் போல மூச்சடைத்துப் பெரிதாகவும் இருந்தது, இந்த உடம்பு, என் உடம்பு, அது சரியாகத்தான் இருந்திருக்கிறது, வலித்தபோது வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான். வினய் மேல் கோபப்படலாம் என்று பார்த்தாள், வரவில்லை, அவன் பொய் சொல்லவில்லையே, அவனுக்கும் தெரியாதே, இருபத்திரண்டு வயதுப் பையன், அவனுக்கும் வலித்துத்தானே இருக்கும், அவனிடம் யார் கேட்டார்கள்? "சம்லி அக்கா, உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?" என்றாள் ஓராதை. "தெரியலம்மா," என்றாள் சம்லி. "என்னை இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. இரு, இன்னொரு தடவை எல்லாத்தையும் தொட்டுப் பாக்கறேன்." ஜியாப் இடுப்பில் இடித்தாள், "பாருடி, படகுக்காரனுக்கு யோகம்!" சம்லிக்குக் காது சுட்டது, ஆனாலும் கையை எடுக்கவில்லை, ஒவ்வொரு தட்டாகத் தொட்டாள், வாசமில்லாததில் கொஞ்சம் அதிக நேரம் நின்றாள்.

வேலை விட்டு வெளியே வந்ததும் வண்டி நிறுத்துமிடத்தில் நின்று போனை எடுத்தாள், விரலில் இன்னும் அந்த வழவழப்பு இருந்தது, திரையில் பட்டு வேறு யார் பெயரோ அழுந்தியது, பாவாடையில் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினாள். மணி அடித்தது. எடுத்தான். பின்னால் படகின் இயந்திரம் தடதடவென்று, யாரோ கோழிக்கூடையை இறக்கச் சொல்லிக் கத்தினார்கள், அவன், "நிறுத்துங்கப்பா கொஞ்சம்," என்றான், இயந்திரம் அடங்கியது, அத்தனை பேரும் அவளுக்காகக் காத்திருப்பதைப் போல ஒரு அமைதி. வேண்டாம் என்பதை மூன்று மாதமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள், மகள் என்ன நினைப்பாள், வயதாகிவிட்டது, ஊர் பேசும், முதுகுவலி, எல்லாம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. வா என்பதற்கு ஒரு சொல்கூட அவள் சேர்த்து வைக்கவில்லை, அதை எப்படிச் சொல்வார்கள், எங்கிருந்து ஆரம்பிப்பார்கள்?

"சம்லி? கேக்குதா?"

"கேக்குது," என்றாள், "கேக்குது... போனை வச்சிடாத."