புல்லைச் சுற்றி ஒரு கயிறு

மதியம் ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை எங்கள் வீட்டு கேட் திறக்காது. பிரெஞ்சுப் படையில் கப்ராலாக இருந்து பென்ஷன் வாங்குகிறவன் நான். எனக்கு சியெஸ்த், அதாவது மதியத் தூக்கம், என்றால் சட்டம். குடியரசுத் தலைவரே வந்தாலும் நாலு மணி வரை தெருவில்தான் நிற்க வேண்டும். இந்தத் திமிர்தான் கடைசியில் புல்லின் தலையில் விடிந்தது.

என் மனைவி ஓதெத்துக்கு முட்டி மாற்று ஆபரேஷன் ஆனது. டாக்டர் வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தார். புது முட்டியிலும் குறை ஒன்றும் இல்லை. பயம் மட்டும் போகவில்லை. பாத்ரூமுக்குப் போவதற்கே என் தோளைப் பிடித்துக்கொள்வாள். பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினாலு அன்று பழைய சிப்பாய்கள் எல்லோரும் கடற்கரை நினைவுச் சின்னத்துக்கு மலர்வளையம் வைக்கப் போவோம். கல்யாணம் ஆன நாளிலிருந்து பட்டுப் புடவை கட்டிக்கொண்டு கூடவே நடந்து வந்தவள், "இந்த வருசம் நீங்க மட்டும் போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டாள். அவளைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கலாம். திட்டினேன்.

உடற்பயிற்சி சொல்லித்தர வரும் செந்தமிழ்ச்செல்விதான் வழி சொன்னாள். "அம்மாவுக்குத் தரை வழுக்கிடும்னு பயம் சார். பார்க்குக்குக் கூட்டிம்போயி புல்லுல வெறுங்கால்ல நடக்க விடுங்க. தைரியம் வந்துடும்."

அவள் சொன்னது பார்க். என் காதில் விழுந்தது எங்கள் முன்வாசல். தூலோன் படைமுகாமில் பாராக்குக்கு முன்னால் புல் வெட்டிய அனுபவம் இருக்கிறதே, சும்மா விடுவேனா? மறுநாளே ஆளைக் கூப்பிட்டு, சுற்றி ஒரு நடைபாதையை விட்டுவிட்டு, நடுவில் இருந்த நல்ல சிமென்ட் தரையை உடைத்தேன். செம்மண் கொட்டி, மட்டம் தட்டி, காலாப்பட்டுப் பக்கம் நர்சரி வைத்திருக்கும் ராஜாங்கத்திடம் கார்பெட் புல்லுக்குச் சொன்னேன். பாய் மாதிரி சுருட்டிக் கொண்டுவந்து இறக்குவார்கள், விரித்துவிட வேண்டியதுதான். "வந்த கையோட விரிச்சிடணும் சார், சுருட்டி வச்சா உள்ளயே வெந்துடும்" என்றார் ராஜாங்கம். "எனக்கே பாடமா?" என்று போனை வைத்தேன்.

புல் வர வேண்டிய அன்று நாலு மணிக்கு நான் கேட்டைத் திறந்தபோது தெருவோரம் கறுப்புத் தார்ப்பாய்க்கு அடியில் சுருள்கள் அடுக்கியிருந்தன. ஒரு பசு தார்ப்பாயை விலக்கிவிட்டு நிம்மதியாக மேய்ந்துகொண்டிருந்தது. சுருளுக்குள் கையை விட்டேன். இட்லிப் பானைக்குள் விட்டது போல் இருந்தது. ராஜாங்கத்தைப் போனில் பிடித்து ஏறு ஏறு என்று ஏறினேன்.

"ஒன்னேகாலுக்கே வந்துட்டேன் சார். ஹாரன் அடிச்சேன், பெல் அடிச்சேன், போன் பண்ணேன். எதிர்வீட்டுக்காரரு, நாலு மணிக்கு முன்னாடி எழுப்புனா மனுசன் கடிச்சிடுவாருன்னாரு. அடுத்த லோடு காத்துக்கிட்டு இருந்திச்சு, இறக்கிட்டுப் போய்ட்டேன்."

கோபம் அங்கிருந்து வீட்டுக்குள் திரும்பியது. "உனக்கும் காது கேக்கலியா?" என்றேன் ஓதெத்திடம்.

"கேட்டுது. உங்கள ரெண்டு தடவ எழுப்பினேன். சியெஸ்த்னு சொல்லிட்டுப் பொரண்டு படுத்துட்டீங்க." புது முட்டியைத் தடவிக்கொண்டாள். "தனியா எழுந்துபோற தைரியம் இருந்தா நானே தொறந்து விட்டிருக்க மாட்டேனா?"

சிமென்ட் உடைத்த ஆளையே மறுபடி கூப்பிட்டேன்.

அன்று சாயங்காலமே விரித்தோம். இரண்டே நாளில் முக்கால்வாசி மஞ்சளாகிவிட்டது. ராஜாங்கம் தலையில் அடித்துக்கொண்டு வேறு புல் கொண்டுவந்து ஒட்டுப் போட்டார். "வேர் புடிக்கிற வரைக்கும் யாரையும் மிதிக்க விடாதீங்க சார்" என்றார். எனக்கு இது போதாதா? சுற்றிலும் சவுக்குக் கழி நட்டு, நோணாங்குப்பத்தில் படகு கட்டும் தடித்த கயிற்றை வாங்கிவந்து இடுப்பு உயரத்துக்கு இறுக்கிக் கட்டினேன். புல்லின் மேல் நடக்கக் கூடாது என்று தமிழிலும் பிரெஞ்சிலும் பலகை எழுதி மாட்டினேன். வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அதில் ஒருத்தி நடப்பதில்லை.

அவளை நடக்க வைக்கப் போட்ட புல்லில் அவளே நடக்கக் கூடாது. ஜூலையும் பிறந்துவிட்டது. பலகையைப் படித்துவிட்டு ஓதெத், "இதுக்கு சிமென்ட்டையே விட்டு வச்சிருக்கலாம்" என்றாள். நான் கேட்காத மாதிரி தண்ணீர் தெளித்தேன்.

அப்போதுதான் அந்த அக்கிரமம் ஆரம்பித்தது. தினமும் சாயங்காலம் பார்த்தால் கயிறு தொய்ந்து கிடக்கும். ஒன்றிரண்டு கழிகள் சாய்ந்திருக்கும். பசுவாக இருக்குமோ? கேட் பூட்டியிருக்கிறது. எதிர்வீட்டுப் பூனையைச் சந்தேகப்பட்டு எதிர்வீட்டுக்காரரிடமே போய்ச் சண்டை போட்டேன். "பூனை கயிறு இழுக்குமா மிசியே?" என்று கேட்டுவிட்டு அவர் கதவைச் சாத்திக்கொண்டார். திருடனைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்காக, என் சரித்திரத்திலேயே முதல் தடவையாக, சியெஸ்த் நேரத்தில் தூங்குவது போல் நடித்தபடி படுத்துக் கிடந்தேன்.

கட்டில் கிறீச்சிட்டது. ஓதெத் எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வெளியே போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வீட்டு நிழல் விழுந்த நடைபாதையில், இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, புல்லைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள். திருப்பத்தில் ஒரு கையை எடுத்துப் பார்த்தாள். மறுபடி பிடித்துக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடிப்போய் இப்படி நட, அப்படி நட என்று உத்தரவு போடத் துடித்த வாயைத் தலையணையால் பொத்திக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் கழிகளை இன்னும் ஆழமாக நட்டேன். கயிற்றைப் பலம் கொண்ட மட்டும் இறுக்கினேன். "பூனை ஆட்டம் தாங்கல" என்றேன். "ஆமா, பெரிய பூனைதான்" என்றாள் ஓதெத். அதற்குப் பிறகு தினமும் இதே வேலை. அவள் தொய்ய விடுவாள், நான் இறுக்குவேன்.

ஜூலை பதினாலு காலையில் மெடலைக் குத்திக்கொண்டு நான் மட்டும் கிளம்பினேன். பின்னால் பட்டுப் புடவை சரசரத்தது. ஓதெத் வாசல்படி இறங்கிக் கேட்டைத் தாண்டி வந்தாள். சந்தோஷத்தில் தலைகால் புரியாமல், பழக்க தோஷத்தில் மார்பை நிமிர்த்திக்கொண்டு முன்னால் விறுவிறுவென்று நடந்தேன்.

"மார்செல்" என்றாள். கோபம் வந்தால்தான் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். திரும்பிப் பார்த்தேன். தெரு நடுவில் கையை நீட்டியபடி நின்றிருந்தாள்.

"கயிறு எங்கியாவது முன்னாடி ஓடுமா? பக்கத்துல வாங்க."

பக்கத்தில் போனேன். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கடற்கரை வரை, அவள் காலுக்குத் தகுந்தபடி, மெல்ல நடந்தோம்.