கேதீஸ்வரி அக்காவின் ஓம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் கேதீஸ்வரி அக்கா. தொண்டைமானாற்றில் என் மாமி வீடு இருக்கும் சின்னத் தெருவில், அதே ஒழுங்கையில், இருப்பவர். "தம்பி, நீ எழுதிறனியெல்லே? ஓம் எண்ட சொல்லுக்கு என்ன கருத்து?" என்று கேட்டார். "சம்மதம் எண்டு கருத்து" என்றேன். எடுத்த கத்தரிக்காயைக் குவியலில் போட்டுவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு இந்தக் கதை என்னைப் பிடித்துக்கொண்டது.

2

முதல் தொடக்கம்: 'கடல்நீரேரியின் மேல் விடியற்காலைப் பனிப்புகார் ஒரு வெள்ளைச் சேலையைப் போல—'

சீச்சீ, விடுங்கள். அங்கே ஒருவரும் கடல்நீரேரி என்று சொல்லமாட்டார்கள். ஆறு என்பார்கள்.

இரண்டாம் தொடக்கம்: பிரதேச சபைக் கந்தோரில், அலுவலகச் சுவரில், ஊரின் வரைபடம் தொங்குகிறது. குடியிருக்கும் இடமெல்லாம் மஞ்சள். அக்காவின் வளவுக்குப் பக்கத்து வெறுங்காணியும் மஞ்சள்தான். அதை இப்போது ஊதா ஆக்கப்போகிறார்கள். ஊதா என்றால் ஹோட்டல் கட்டலாம், ஆழமாகக் குழாய்க்கிணறு அடிக்கலாம். அடித்தால் ஆற்றின் உப்புநீர் ஊறி அக்காவின் கிணறு உவராகிவிடும். அந்த ஒழுங்கை முழுவதற்கும் நல்ல தண்ணீர் அந்த ஒரு கிணற்றில்தான் இருக்கிறது.

ஒரேயொரு காவல் உண்டு. எல்லை தொட்ட காணிக்காரர் ஆட்சேபனை சொன்னால் நிறமாற்றம் நிற்கும், சபை திரும்ப யோசித்தே ஆகவேண்டும். எல்லை தொட்டது அக்கா மட்டும். மற்றப் பக்கம் ஆறு. (ஆற்றுக்கும் வாய் உண்டு. ஆனால் கந்தோருக்கு வராது.)

3

எங்கள் ஆட்கள் ஓம் போடாமல் ஒரு கதையும் கேட்கமாட்டார்கள். போனில் கொஞ்சம் ஓம் குறைந்தால் "லைன் கட்டாப் போச்சோ?" என்று கத்துவார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு, நிறமாற்றத்தைப் பற்றி அக்காவைக் கேட்கக் கந்தோரில் வைத்த விசாரணைக்கு வாருங்கள்.

உத்தியோகத்தர் பெயர் றஜிந்தன். மரியாதையான பிள்ளை. (இவரை வில்லனாக்கிப் பார்த்தேன். மீசைகூட வைத்தேன். ஒட்டவில்லை.) அவர் நிறமாற்ற அறிவித்தலைப் பந்தி பந்தியாக வாசித்தார். அக்கா "ஓம்... ஓம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தார். வாசித்து முடிந்தது.

"நன்றி அம்மா, நீங்கள் போகலாம்."

"நான் இன்னும் கதைக்கேல்லையே, தம்பி?"

"எல்லாத்துக்கும் ஓம் எண்டியளே. சம்மதம் எண்டு பதிஞ்சாச்சு."

"ஐயோ, அது கேக்கிறன் எண்ட ஓம்!"

"ஓம் அம்மா, விளங்குது. வெள்ளிக்கிழமை சபை கூடேக்கை வந்து சொல்லிப் பாருங்கோ."

இந்த இடத்தில் நான் அக்காவுக்கு ஒரு பதில் எழுதினேன்: "இப்ப நீங்களும் ஓம் எண்டிட்டியள் தம்பி. என்ரை பக்கம் எண்டு பதியுங்கோ!" எழுதிவிட்டு என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

வாசித்துக் காட்டினேன். அக்காவுக்குப் பொல்லாத கோபம். "நான் உப்பிடிச் சொல்லேல்லை. வாயடைச்சுப் போய் வெளியிலை வந்தனான். உந்த நல்ல கதையெல்லாம் வீட்டை வந்து கால் கழுவேக்கைதான் வாயிலை வந்தது. உந்த வரியை வெட்டு."

வெட்டிவிட்டேன். (நீங்கள் வாசித்துவிட்டீர்கள். இனி என்ன செய்ய?)

4

விசாரணை முடிந்து வந்த மத்தியானம், பாயில் சற்றுக் கண்ணயர்ந்தபோது அக்கா கண்ட கனவு இது. சுவர்ப் படத்திலிருந்து ஊதா மெதுவாக வழிகிறது. வேலியைத் தாண்டுகிறது. முற்றத்துக் கோழிகள் ஊதாவாக நடக்கின்றன. அது கிணற்றுக்குள் இறங்குகிறது. அக்கா வாளியை விடுகிறார். கப்பி சத்தமில்லாமல் சுழல்கிறது. மேலே வந்த வாளிக்குள் தண்ணீர் இல்லை, அவருடைய குரல்தான் "ஓம், ஓம்" என்று தளும்புகிறது. அள்ளிக் குடித்தார். உப்பு.

குரல் தளும்பியது என் சேர்க்கை. அக்கா சொன்னது ஊதாத் தண்ணீர் மட்டும்தான். "இப்பிடி எழுதலாமோ அக்கா?" என்று கேட்டேன். "ஓம்" என்றார். அது எந்த ஓம் என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

5

முடிவு அ: வெள்ளிக்கிழமை. சபையில் அக்கா எழும்பி நின்று "எனக்குச் சம்மதமில்லை" என்கிறார். மஞ்சள் மஞ்சளாகவே இருக்கிறது.

முடிவு ஆ: பஸ் பிந்துகிறது. அக்கா போய்ச் சேர்வதற்குள் கையுயர்த்தி—

மாட்டேன். இதை எழுத எனக்கு மனம் இல்லை.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. இதுவரை எழுதியதைக் கிணற்றடியில் வைத்து அக்காவுக்கு வாசித்தேன். ஆற்றின் மேல் வெயில் மங்கிக்கொண்டிருந்தது. பந்திக்குப் பந்தி "ஓம்... ஓம்..." நான் நிறுத்தினேன்.

"முடிஞ்சுதே தம்பி?"

"இல்லை அக்கா. முடிவு எழுதேல்லை."

"நல்லது." வாளியை வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தார். "அண்டைக்குக் கந்தோரிலை வாசிச்சு முடியட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருந்துதான் ஏமாந்தனான். நாளைக்குச் சொல்லுறதை இப்ப ஒருக்காச் சொல்லிப் பாக்கிறன். இருந்து கேள்."

பேனையை மூடிவிட்டேன். இனிக் கதைப்பது அக்கா. நீங்களும் வந்து இருங்கள், கிணற்றுக்கட்டில் இடம் இருக்கிறது. ஆனால் உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், இடையில் ஓம் போடாதீர்கள்.