பச்சைக்கரைத் துணி

"எந்த மரத்துல பறிச்சீக, சித்தி?"

"பம்புசெட்டுக்குப் பக்கத்துல. கைக்கு எட்டுற மாதிரி தொங்குச்சு."

"மரத்துல துணி எதுவும் கட்டியிருந்துச்சா?"

"துணியா? ஒண்ணும் இல்லையே. எழவு வீட்டுல வந்து விசாரணை வைக்கா பாரு. வெயில்ல வந்த சனத்துக்கு ஒரு வாய் சர்பத் குடுக்க வேணாமா? தள்ளு, அந்தச் சீனிய எடு."

முருகம்மாள் அரிவாள்மனையில் அடுத்த எலுமிச்சையை வைத்தாள். அருணாதேவி கூடைக்குள் கையை விட்டாள். ஒரு பழத்தின் காம்போடு இலையும் ஒட்டிக்கொண்டு வந்தது. இலைக்குள் வெள்ளிக்கம்பி போல ஒரு கோடு நெளிந்து நெளிந்து போனது. பூச்சி உள்ளேயே ஊர்ந்து தின்ற வழி.

அந்தப் பூச்சிக்காகத்தான் நேற்றுச் சாயங்காலம் அப்பா மருந்தடித்தார். எல்லா மரத்துக்கும் இல்லை. தளிர் சுருண்டுபோன பம்புசெட்டு வரிசைக்கு மட்டும். அடித்து முடித்ததும் வரிசையின் முதல் மரத்தில் பழைய வேட்டியில் கிழித்த துணியைக் கட்டிவிடுவார். அவராக அவிழ்க்கும்வரை அந்த வரிசையில் யாரும் பழத்தைத் தொடக்கூடாது. இன்று காலை வாய்க்கால் பார்க்கப் போனவர், அந்த மரத்தடியில்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தண்ணீர் பாய்ச்சும் வேலுச்சாமி ஓடிவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அப்படியானால் துணி எங்கே?

கூடத்துக்குப் போனாள். அப்பாவைப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணியில் பச்சைக் கரை தெரிந்தது.

வாசல் பந்தல்காலைப் பிடித்தபடி நின்ற வேலுச்சாமியிடம் போனாள். அவள் கேட்பதற்கு முன்பே அவர் சொன்னார்.

"கால் வெரலக் கட்டுறதுக்கு அங்கன வேற துணி இல்ல தாயி. மரத்துல கெடந்ததை அவுத்துட்டேன். அந்நேரம் வேற ஒண்ணும் தோணல."

அவள் திரும்பி வந்தபோது எம். புதுப்பட்டியிலிருந்து வந்திருந்த பெரியப்பா அப்பாவின் கால்மாட்டில் நின்று மூக்கைச் சுளித்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஒரு மாதிரி வாடை அடிக்கு? மருந்து மாதிரி?"

"ஊதுபத்தி, பெரியப்பா."

இன்னும் ஒரு கொத்து ஊதுபத்தியை எடுத்தாள். தீக்குச்சி அணைந்தது. அடுத்த குச்சியும் அணைந்தது.

போன மாதம் அச்சங்குளத்தில் தோட்டம் வைத்திருந்த ஒரு சம்சாரி செத்த வீட்டில் யாரோ இப்படித்தான் கேட்டார்கள். மருந்து குடித்துவிட்டார் என்று பந்தலுக்குள் பேச்சுப் பரவி, போலீஸ் வந்து, உடம்பை அறுத்துத் தைத்துத்தான் மறுநாள் கொடுத்தார்கள். அவருக்கும் வெறும் நெஞ்சுவலிதான். அந்த வீட்டுக்குப் போய்விட்டு வந்த அம்மா அன்று சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

சித்தியிடம் ரகசியம் சொன்னால் தெருமுனை வரைக்கும் கேட்கும். மாலை வாங்கச் சாத்தூருக்குப் போன அண்ணன் சிவபாண்டி இன்னும் வரவில்லை. சர்பத் அண்டாவைத் தட்டிவிட்டால் என்ன? அடுப்படிப் பக்கம் திரும்பினாள். அதற்குள் முருகம்மாள் டம்ளரோடு எதிரே வந்துவிட்டாள்.

"மொத டம்ளர் அக்காவுக்கு. காலைலருந்து பச்சத் தண்ணி எறங்கல. இந்தாக்கா, குடி. நீயும் விழுந்துட்டா மச்சான யாரு அனுப்பி வைக்கிறது?"

"ஒரு வாய் குடி, வெள்ளைத்தாயி," என்றார்கள் சுற்றியிருந்த பெண்கள்.

அம்மா காலையிலிருந்து அப்பாவின் தலைமாட்டில் இருந்தாள். அவர் முகத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. யார் எதைக் கொடுத்தாலும் தள்ளிவிட்டவள், இப்போது கையை நீட்டி டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"அம்மா, வேணாம்."

பெரியப்பா திரும்பிப் பார்த்தார்.

"ஏன் தாயி, அவ குடிச்சா என்ன?"

மருந்து என்று இந்தக் கூட்டத்தில் வாய்விட்டால் அச்சங்குளத்துக் கதைதான் இங்கேயும். டம்ளரின் விளிம்பு அம்மாவின் உதட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. மரத்தில் கட்டவென்று அந்தப் பச்சைக்கரை வேட்டியைக் கிழித்துக் கொடுத்தது அம்மாதான். நேற்று மத்தியானம், கரையைப் பல்லால் கடித்து, நீளவாக்கில் ஒரே இழுப்பாக.

"அம்மா," என்றாள். "அப்பா கால ஒரு தடவ பாரும்மா."