விருப்பத்துக்குச் செய்தவர்

அயல்வீட்டுப் பிரியந்தினி தள்ளிய வேகத்தில் கேதீஸ்வரனின் படலை வேலியில் அடித்துத் திரும்பி வந்தது. கொட்டும் மழையில் அவள் குடைகூட எடுக்காமல் வந்திருந்தாள்.

“அண்ணை, ஒருக்கா ஓடிவாங்கோ. எண்பத்திரண்டு காட்டுது. மெஷினைக் கூட்டி வைச்சும் ஏறுதில்லை.”

கேதீஸ்வரன் கையிலிருந்த, ஈயம் பற்றவைக்கும் கோலை அப்படியே மேசையில் போட்டுவிட்டு எழும்பினார். எண்பத்திரண்டு என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். அவளுடைய கணவன் சிவரூபனின் விரலில் மாட்டியிருக்கும் சின்ன மீற்றர் காட்டும், இரத்தத்து ஒட்சிசன் கணக்கு அது. தொண்ணூறில் நின்றால் பயமில்லை, எண்பத்தைந்துக்குக் கீழே போனால் உடனே ஆசுபத்திரி என்று டொக்டர் துண்டில் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தத் துண்டைக் கட்டில் தலைமாட்டில் ஒட்டி வைத்ததே கேதீஸ்வரன்தான்.

“அம்புலன்சுக்கு அடிச்சனியோ?”

“அடிச்சிட்டன். றோட்டெல்லாம் வெள்ளமாம். சுத்தித்தான் வரவேணுமாம். முக்கால் மணித்தியாலம் எண்டு சொல்லுகினம்.”

கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் ஓடினார். செருப்பு சேற்றில் புதைந்து ஒன்று அங்கேயே கிடந்துவிட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

சிவரூபன் அச்சுவேலியிலிருந்து பட்டணத்துக்கு பஸ் ஓட்டியவன். நாற்பத்தாறு வயது. கொரோனா வந்து போன கையோடு அவனுடைய நெஞ்சு சுருங்கத் தொடங்கி, இரண்டு வருசமாக வீட்டோடு கிடக்கிறான். ரொறன்ரோவில் இருக்கும் தமையன் அனுப்பிய மெஷின்தான் அவனுக்கு மூச்சு. சின்ன அலுமாரி அளவான பெட்டி. அறையிலிருக்கும் காற்றை இழுத்து, ஒட்சிசனை மட்டும் வடித்தெடுத்து, மெல்லிய குழாய் வழியே மூக்குக்கு அனுப்பும். கரண்ட் போனால் பாவிக்கவென்று ஒரு சிலிண்டரும் அறை மூலையில் நின்றது. அதை அவர்கள் மூன்று முறைக்கு மேல் திறந்ததில்லை.

கேதீஸ்வரனைப் பற்றியும் சொல்லவேண்டும். காணிக் கந்தோரில் கோப்பு எழுதும் இலிகிதர். பிழைப்பு அது. ஆனால் உயிர் கிடந்தது வயர்களிலும் பலகைகளிலும். முப்பது வருசமாக ஊரில் நின்றுபோன ரேடியோ, மின்விசிறி, நீர் இறைக்கும் மோட்டர் எல்லாம் அவருடைய மேசைக்கு வந்து போகும். ஒருவரிடமும் ஐந்து சதம் வாங்கியதில்லை. ஊர் அவரை இஞ்சினியர் என்றது. அவர் உடனே மறுப்பார். “நான் தொழில்காரன் இல்லை. விருப்பத்துக்குச் செய்யிறனான்” என்பார். அந்த மறுப்பில் இருந்த பெருமையை அளக்க இன்னும் ஒரு மீற்றர் வரவில்லை. கோயில் திருவிழா நோட்டீசில் ஒலிபெருக்கி உதவி என்று பெயர் போட வந்தபோது, என்னவென்று போடுவது என்று இரண்டு நாள் யோசித்தார். அமெச்சூர் என்றால் அரைகுறை மாதிரிக் கிடக்கிறது. பொழுதுபோக்கு என்றால் வேலையற்றவன் மாதிரி. கடைசியில் ‘மின்னியல் ஆர்வலர்’ என்று போடுவித்தார். காசுக்குச் செய்கிறவர்களை அவர் மதிப்பதில்லை. அவர்களுக்கு மணிக்கூட்டிலும் பில்லிலும்தான் கண் என்று எல்லோருக்கும் சொல்லித் திரிந்தார்.

அறைக்குள் நுழைந்ததும் சிவரூபன் கண்ணைத் திறந்தான். இரண்டு தலையணையில் சாய்ந்து, வாயால் மூச்சை அள்ளிக்கொண்டிருந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. ஆனாலும் கேதீஸ்வரனைக் கண்டதும் அவன் முகம் தெளிந்தது.

“அண்ணை... வந்திட்டார்,” என்றான் பிரியந்தினியிடம். “இனிச்... சரிவரும்.”

கேதீஸ்வரன் அவன் முகத்தைப் பார்க்காமல் மெஷின் பக்கம் திரும்பினார். ஏனென்றால், மெஷினுக்குள் என்ன கிடக்கிறது என்பது அந்த அறையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

பதினெட்டு நாளைக்கு முன்னர் இந்த மெஷின் கத்தத் தொடங்கியது. கூவென்று ஒரே சத்தம், மஞ்சள் லைட்டும் எரிந்தது. சிவரூபனுக்கு இரண்டு இரவு நித்திரை இல்லை. கிளினிக்கில் வைத்து, ஆசுபத்திரி மெஷின்கள் திருத்துகிற யாகோப்பு என்கிற குருநகர்க்காரருடைய நம்பரைப் பிரியந்தினி வாங்கி வந்திருந்தாள். அவரைக் கூப்பிடட்டோ என்று கேதீஸ்வரனிடம்தான் கேட்டாள்.

“உவங்களை ஏன் பிள்ளை? தொழில்காரர். பழுது இல்லாட்டிலும் பழுதெண்டுதான் சொல்லுவாங்கள். விடு, நான் பாக்கிறன்.”

பார்த்தார். பெட்டியைக் கழற்றினார். தூசு தட்டினார், பஞ்சைக் கழுவிக் காயவைத்துப் போட்டார். குழாயைக் கன்னத்தில் பிடித்துப் பார்த்தார். காற்று நன்றாக வந்தது. தண்ணீர்க் கோப்பைக்குள் விட்டுப் பார்த்தார். குமிழி குமிழியாக வந்தது. பிறகும் மஞ்சள் லைட் எரிந்தது, சத்தமும் நிற்கவில்லை. அப்படியென்றால் சென்சர்தான் பழுது, மெஷினில் குறையில்லை என்று முடிவு கட்டினார். வருகிற காற்றில் எத்தனை வீதம் ஒட்சிசன் என்று அளந்து பார்க்க ஒரு கருவி இருக்கிறது. யாகோப்பு மாதிரி ஆட்கள் அது இல்லாமல் வாசல்படி ஏறமாட்டார்கள். கேதீஸ்வரனிடம் அது இல்லை. இல்லாததை ஒரு குறையாகவும் அவர் நினைக்கவில்லை.

சத்தம் போடும் வில்லையின் வயரைக் குறட்டால் வெட்டினார். லைட்டின் மேல், மூடிக்கு உட்பக்கமாக, கறுப்பு டேப் ஒட்டினார். மூடியைப் பூட்டிவிட்டு, “சரி பிள்ளை, திருத்தியாச்சு” என்றார். அன்றிரவு சிவரூபன் நிம்மதியாக நித்திரை கொண்டான். அடுத்த நாள் பிரியந்தினி ஒரு சட்டி நிறைய ஒடியற்கூழ் கொண்டுவந்து கொடுத்தாள். அதற்குப் பிறகு மீற்றர் தொண்ணூறிலிருந்து எண்பத்தொன்பது, எண்பத்தேழு என்று இறங்கியபோது, “மழைக்குணம் பிள்ளை, குளிருக்கு அப்பிடித்தான்” என்று தைரியம் சொன்னதும் அவர்தான்.

“எழுபத்தொன்பது,” என்றாள் பிரியந்தினி.

கேதீஸ்வரன் குந்தியிருந்து பின்மூடியைக் கழற்றத் தொடங்கினார். அவசரத்தில் ஸ்குறூ ஒன்று கட்டிலுக்குக் கீழே உருண்டது.

“அண்ணை, சிலிண்டரைப் போடட்டோ?”

அவர் மூலையைப் பார்த்தார். சிலிண்டர் இரண்டு எட்டுத் தூரத்தில் நின்றது. சாவி அதன் கழுத்தில் நூலில் தொங்கியது. திறந்து குழாயை மாற்றினால் ஒரு நிமிசம்கூட ஆகாது. மாற்றி, சிவரூபனுக்கு மூச்சு வந்துவிட்டால், இத்தனை நாள் மெஷின் வெறுங்காற்றைத்தான் கொடுத்தது என்று அவள் அடுத்த நிமிசமே கேட்பாள். ஏன் கத்தவில்லை என்று கேட்பாள். அதற்கு முன்னர் எப்படியாவது மெஷினைச் சரிக்கட்டிவிட்டால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவேண்டியதில்லை.

“பொறு பிள்ளை. மெஷின் ஓடுதுதானே. ஐஞ்சு நிமிசம் தா.”

இதை அவர் வாய்தான் சொன்னது. சொன்ன பிறகு தன்னுடைய குரலைக் கேட்டு அவருக்கே வெறுப்பாக இருந்தது. ஆனாலும் திருப்பி எடுக்கவில்லை. மனிதன் தன் பெயரைக் காப்பாற்ற எவ்வளவு கேவலமாகப் போவான் என்பதை அவர் அன்றைக்கு அந்தக் கட்டிலடியில் குந்தியிருந்து கண்டுபிடித்தார்.

மூடியைத் திறந்தார். குழாய்களை இழுத்துப் பார்த்தார். ஒரு வால்வைத் தட்டினார், பிறகு மற்றதைத் தட்டினார். எதைத் தேடுகிறார் என்று அவருக்கே தெரியவில்லை. வியர்வை கண்ணுக்குள் வழிந்தது. முருகா, முருகா என்று உள்ளுக்குள் ஓடியது. மேலே சிவரூபனின் மூச்சு நாய் இளைப்பது போலக் கேட்டது.

“எழுபத்தாறு. அண்ணை, என்ன அண்ணை?”

“இந்தா... முடியுது.”

ஒன்றும் முடியவில்லை. ஏழு நிமிசம் போயிற்று. எட்டு. பிரியந்தினி இனிப் பொறுக்கவில்லை. கைபேசியை எடுத்து யாகோப்புவின் நம்பரை அமத்தி, ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலில் வைத்தாள். கேதீஸ்வரன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

“ஹலோ, யாகோப்பு கதைக்கிறன்.”

அவள் அழுதுகொண்டே விசயத்தைச் சொன்னாள். மறுபக்கத்தில் யாகோப்பு குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு நிதானமாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“முன்பக்கத்திலை லைட் என்ன நிறம் அக்கா?”

பிரியந்தினி குனிந்து பார்த்தாள். “லைட் எரியேல்லை.”

“மெஷின் ஓடுதோ?”

“ஓம், ஓடுது.”

“ஓடினால் லைட் எரியாமல் இராது. பச்சை, மஞ்சள், சிவப்பு, ஏதோ ஒண்டு எரியவேணும். வடிவாப் பாருங்கோ. சத்தமும் போடேல்லையோ?”

“இல்லை. முந்திச் சத்தம் போட்டது. இங்கை அண்ணை திருத்தினவர்.”

“ஆர் திருத்தினது?”

பிரியந்தினி கேதீஸ்வரனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சந்தேகம் துளியும் இல்லை. அவர் பதில் சொல்லுவார் என்று காத்திருந்தாள், அவ்வளவுதான். அதுதான் அவரைக் கொன்றது. கட்டிலில் சிவரூபனின் கை அந்தரத்தில் எழும்பி எதையோ பிடிக்கத் தேடியது.

“நான்,” என்றார் கேதீஸ்வரன். “சத்தம் போடுற வயரை நான் வெட்டிப்போட்டன். லைட்டை டேப் ஒட்டி மறைச்சுப்போட்டன். சென்சர் பழுதெண்டு நினைச்சன்.” உள்ளேயிருந்த டேப்பை உரித்தார். “சிவப்பு. சிவப்பு எரியுது.”

யாகோப்பு குரலை மாற்றாமல் பிரியந்தினியைக் கூப்பிட்டார்.

“அக்கா, வீட்டிலை சிலிண்டர் இருக்கோ?”

“இருக்கு.”

“இப்பவே குழாயை அதிலை மாத்துங்கோ. போனை வையாதேங்கோ. அந்த மெஷினிலை வாறது வெறுங்காத்து. அதிலை ஒண்டுமில்லை.”

சிலிண்டரைத் திறக்க கேதீஸ்வரன் பாய்ந்தார். பிரியந்தினி அவருடைய கையைத் தட்டிவிட்டுத் தானே சாவியைத் திருப்பினாள். ஸ் என்று சத்தம் வந்தது. குழாயை மாற்றினாள். எழுபத்தொன்று. எழுபத்தொன்று. எழுபத்துநான்கு. யாகோப்பு போனில் எண்ணைக் கேட்டுக் கேட்டு, எவ்வளவு திறக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எழுபத்தொன்பது. எண்பத்துமூன்றில் ஏறி நின்றபோது வெளியில் அம்புலன்ஸ் வந்து நின்றது.

சிவரூபனை மழைக்குள்ளால் தூக்கிக்கொண்டு போனார்கள். ஏறப்போன பிரியந்தினி திரும்பி வந்து கேதீஸ்வரனுக்கு முன்னால் நின்றாள்.

“எத்தினை நாள் அண்ணை?”

“பதினாறு.”

அவள் தலையாட்டிவிட்டு ஏறிப் போய்விட்டாள்.

நெஞ்சு ஏற்கனவே சுருங்கிப்போன ஆள், இத்தனை நாள் ஒட்சிசன் இல்லாமல் இழுத்ததில் இருதயமும் களைத்துப்போய்விட்டது என்று ஆசுபத்திரியில் சொன்னார்கள். மூன்றாம் நாள் விடியச் சிவரூபன் செத்துப்போனான்.

செத்தவீட்டில் கேதீஸ்வரன்தான் பந்தலுக்கு லைட் கட்டினார். வேறு ஆள் பிடிக்கலாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, ஊரும் வேறு ஆளைத் தேடவில்லை. கனடாவிலிருந்து வந்த தமையன் அவருடைய இரண்டு கையையும் பிடித்து, “ஒரு சதம் வாங்காமல் எவ்வளவு செய்தனியள், பிரியந்தினி முந்தியே சொன்னவள்” என்று விம்மினார். பிரியந்தினி ஒருவருக்கும் எதுவும் சொல்லியிருக்கவில்லை என்று கேதீஸ்வரனுக்கு அப்போது விளங்கியது. அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் இறங்கியிருப்பார்.

எட்டுச் செலவுச் சடங்கு முடிந்து, தமையனும் கொழும்புக்குப் புறப்பட்ட அடுத்த நாள் காலை, கேதீஸ்வரன் படலையைத் திறந்துகொண்டு போனார். பிரியந்தினி விறாந்தையில் இருந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மெஷின் பக்கத்தில் நின்றது. ஆரோ திருப்பி மூடி பூட்டியிருந்தார்கள்.

“வாங்கோ அண்ணை. இருங்கோ.”

அவர் இருக்கவில்லை. “பிள்ளை, என்னை ஏசு. என்ன வேணுமெண்டாலும் சொல்லு. பொலிசுக்குப் போறதெண்டாலும் நான் வாறன். உப்பிடிச் சும்மா இராதை.”

அவள் சுளகை மடியில் வைத்தாள்.

“நேற்று யாகோப்பு வந்து மெஷினைக் கழட்டிப் பாத்தவர். உள்ளுக்கு ஒட்சிசனை வடிக்கிற சாமான் ஈரம் பிடிச்சுப் போச்சாம். அதை மாத்தியிருந்தால் காணுமாம். இனி ஆருக்கும் குடுக்கலாம் எண்டு மாத்திப்போட்டார். காசும் குடுத்தன். பில்லும் எழுதித் தந்தவர், பேர், போன் நம்பர் எல்லாம் போட்டு.” மேசையில் தண்ணீர்ச் செம்புக்குக் கீழே கிடந்த மஞ்சள் துண்டைக் காட்டினாள். “பிழைச்சால் தன்னைக் கேக்கச் சொன்னவர்.”

கேதீஸ்வரன் குனிந்து அந்தத் துண்டில் இருந்த பேரை வாசித்தார்.

“உங்களை நான் என்னெண்டு அண்ணை கேக்கிறது? நீங்கள் சும்மாதானே செய்தனியள்.”

அவள் மீண்டும் சுளகை எடுத்தாள். அரிசி எழும்பி விழும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் படலையடிக்குப் போய், அதைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு வெளியே போனார்.