சுவர் முழுக்கச் சிவப்பு

அந்த மருந்துக் கிடங்கில் காலை ஷிப்டின் பொறுப்பாளரை எல்லோரும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். அவளைவிட ஒன்பது வயது மூத்தவரான கண்ணாடிக்காரரும் அப்படித்தான். அவளுக்குக் கீழே இருபத்திரண்டு பேர். ரேக்குகளுக்கு நடுவே நடந்து, மருத்துவமனைகள் கேட்ட பெட்டிகளை எடுத்துக் கூடையில் போட்டு அனுப்புவது அவர்கள் வேலை.

புதிய மேலாளர் வந்ததும் எல்லோர் மணிக்கட்டிலும் ஒரு பட்டை ஏறியது. ரேக்கில் ஒட்டிய குறியீட்டுக்கு நேரே கையை நீட்டினால் அது பதிந்துகொள்ளும். பெட்டிக்குப் பதினொரு வினாடி. தாண்டினால் பட்டை அதிரும். சுவரில் மாட்டிய பெரிய திரையில் பெயர் சிவப்பாகும். முதல் வாரமே வேகம் கூடியது. மேலாளர் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிய அறிக்கையில் அம்புக்குறி மேல் நோக்கிப் பாய்ந்தது.

கண்ணாடிக்காரரின் பெயர் மட்டும் காலையில் சிவந்தால் வீட்டுக்குப் போகும்வரை சிவந்தே கிடக்கும். ஒவ்வொரு பெட்டியையும் மூக்குக்கு நேரே பிடித்து, அதன்மேல் அச்சிட்டிருப்பதைப் படித்த பிறகுதான் கூடையில் போடுவார்.

"என்னண்ணே, காதல் கடிதமா? இவ்வளவு ரசிச்சுப் படிக்கிறீங்க!" என்று பக்கத்து ரேக்கிலிருந்து கிண்டல் வரும். அவர் காதில் வாங்கமாட்டார்.

மாதக் கடைசியில் மேலாளர் அக்காவை அழைத்து ஒரு தாளை நீட்டினார். மிக மெதுவானவர்கள் மூன்று பேர். முதல் பெயர் கண்ணாடிக்காரருடையது.

"இவங்களை நிறுத்தப் போறோம். நீங்க ஒரு கையெழுத்து போட்டுடுங்க."

"ரெண்டு நாள் குடுங்க சார். பாத்துட்டுச் சொல்றேன்."

"பாக்க என்ன இருக்கு? எல்லாந்தான் திரையில தெரியுதே."

திரையில் தெரியாதது பின்னறையில் குவிந்திருந்தது. தவறாகப் போய்த் திரும்பி வந்த பெட்டிகள். முன்பெல்லாம் மாதத்துக்கு ஆறு, ஏழு வரும்; இந்த மாதம் நாற்பத்தொன்று. இரண்டு நாளும் சாப்பாட்டு வேளையில் அங்கே உட்கார்ந்து, எடுத்தவர் யார் என்று ஒவ்வொரு சீட்டாகப் பார்த்தாள். ஒன்றுகூடக் கண்ணாடிக்காரர் எடுத்ததில்லை. மூன்று அவளே எடுத்தவை. ஆள் குறைந்த நாளில் அவசரத்துக்கு இறங்கி எடுத்திருக்கிறாள். அதில் ஒன்று இதய நோய் மாத்திரை: ஐந்து மில்லிகிராம் கேட்ட இடத்துக்கு ஐம்பது போயிருந்தது. யாரோ ஒரு நர்ஸ் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியிருந்தாள். ரேக்கில் பெட்டி இடம் மாறிக் கிடந்திருக்கிறது; பட்டை ரேக்கைப் பார்த்ததே ஒழிய, பெட்டியைப் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை. அந்தப் பெட்டியைத் தனியே எடுத்து வைத்தாள்.

மேலாளரிடம் போய்ச் சொன்னாள்.

"திரும்பி வர்றது வேற பிரிவோட விஷயம்மா. நம்மள வேகத்தை வச்சுத்தான் பாப்பாங்க."

"நம்மகிட்ட இருந்துதானே சார் தப்பாப் போகுது? எல்லாரையும் படிச்சுட்டுப் போடச் சொல்லட்டுமா?"

"நாளைக்கு இயக்குநர் வர்றாங்க. அதுக்குள்ள கையெழுத்து வேணும்."

வீட்டில் கணவனிடம் கொட்டித் தீர்த்தாள். அவன் பஸ் டிரைவர்.

"எனக்கு இப்படி ஒரு பட்டை கட்டுனா, ஒரு ஸ்டாப்புலயும் நிக்கமாட்டேன். நேரத்துக்குப் போய்ச் சேந்துடுவேன். பஸ்ஸு காலியா இருக்கும், அவ்வளவுதான்" என்றான். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, "என்ன பண்ணப் போற?" என்றான்.

"தெரியல. கையெழுத்து மட்டும் போடமாட்டேன்."

மறுநாள் ஷிப்டு தொடங்குமுன் எல்லோரையும் கூட்டினாள். திரும்பி வந்த இதய மாத்திரைப் பெட்டியைக் காட்டி, "இது நான் எடுத்தது. அஞ்சு கேட்ட இடத்துக்கு அம்பது போயிருக்கு" என்றாள். "இன்னைக்கு எல்லாரும் படிச்சுட்டுப் போடுங்க. பட்டை அதிர்ந்தா அதிரட்டும். கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க."

இயக்குநரை அழைத்துக்கொண்டு மேலாளர் உள்ளே வந்தபோது சுவர் முழுக்கச் சிவப்பு. இருபத்திரண்டு பெயர்களும்.

"என்ன நடக்குது இங்க?" மேலாளரின் குரல் கிறீச்சிட்டது.

"வேலை நடக்குது சார்."

இயக்குநர் அம்மா திரும்பிப் பார்த்தார். அக்கா பெட்டியை அவர் கையில் கொடுத்து, நடந்ததை அப்படியே சொன்னாள். தான் செய்த தவறையும் மறைக்கவில்லை. "இவங்க மூணு பேரையும் நிறுத்தணும்னா முதல்ல என்னை நிறுத்துங்க. நான் அனுப்பினது மூணு. கண்ணாடிக்காரண்ணன் அனுப்பினது ஒண்ணுகூட இல்ல."

இயக்குநர் பெட்டியைப் புரட்டிப் பார்த்தார். "நீங்க சொல்றதுல நியாயம் இருக்கு. ஆனா கேக்காம இப்படிச் செஞ்சது தப்பு."

"கேட்டேம்மா. நேத்தே கேட்டேன்."

இயக்குநர் மேலாளர் பக்கம் திரும்பினார்.

மூன்று பேரின் வேலையும் தப்பியது. திரையில் வேகத்துக்குப் பக்கத்தில் திரும்பி வந்தவற்றின் எண்ணிக்கையும் வரத் தொடங்கியது. ஆனால் அக்காவிடம் மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள். கொடுத்தால் பொறுப்பாளராகவே இருக்கலாம். எழுதத் தந்த வெள்ளைத் தாளை அவள் அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டு, பெட்டி எடுக்கும் ஆளாக ரேக்குக்குப் போனாள். மேலாளர் அதே நாற்காலியில்தான் இருந்தார்.

அடுத்த வாரம் வேறு ஷிப்டிலிருந்து புதிய பொறுப்பாளர் வந்தான். ரேக்குகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏன் இங்க எல்லாரும் இவ்வளவு மெதுவா எடுக்குறீங்க?" என்று கேட்டான்.

அக்கா வாய் திறப்பதற்குள், கிண்டலடித்துக்கொண்டிருந்த பக்கத்து ரேக்குக்காரன் நிமிர்ந்தான்.

"இங்க படிச்சுட்டுத்தான் போடுவோம். வேணும்னா எழுதிக்கோங்க."