கடைசிக் கடைவாய்ப்பல்

பல் டாக்டரிடம் வேலை பார்த்து இருபது வருஷம் பல்லில் படியும் காறையைச் சுரண்டிவிட்டு வந்தவளை அருங்காட்சியக ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் 'பல்லக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். இங்கேயும் அதே வேலைதான். என்ன, இந்தப் பற்களெல்லாம் நாற்பதாயிரம் வருஷத்துக்கு முந்தையவை. வலிக்கிறது என்று யாரும் கையைத் தட்டிவிட மாட்டார்கள்.

குகை மனிதர் கறியைத் தவிர வேறெதையும் தொடவில்லை என்று இயக்குநர் கண்காட்சிக்குப் பலகையே எழுதி மாட்டிவிட்டார். பல்லக்காவோ காறையைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்து, அதில் மாவுச்சத்து மணிகளைக் கண்டுபிடித்தாள். கிழங்கோ விதையோ ஏதோ தின்றிருக்கிறார்கள். வெறும் கறியை வைத்துக்கொண்டு உடம்பு எத்தனை நாள் தாங்கும்? நாலு பேருக்கு ஆக்கிப் போட்டவளுக்கு இதுகூடத் தெரியாதா?

மறுநாள்தான் அவள் அதைக் கவனித்தாள். கழற்றிப் போட்ட கையுறைக்குள் வெள்ளைப் பவுடர். அதுவும் சோளமாவு; காறையில் பார்த்த மணிகள் இதிலிருந்தே உதிர்ந்திருக்கலாம். கிளினிக் பழக்கத்தில் அந்த ரகத்தைக் கேட்டு வாங்கியவள் அவளேதான். பார்த்து முடித்த பன்னிரண்டு பற்களும் பாழ். சொல்லாமல் இருந்தால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அவள் நேரே இயக்குநர் அறைக்குப் போனாள்.

"தப்பு என்னோடது சார். பன்னெண்டையும் கழிச்சுடுங்க."

"நான்தான் அப்பவே சொன்னேனேம்மா."

"இன்னும் ஒரு கடைவாய்ப்பல் இருக்கு. அதுலயும் ஒண்ணும் இல்லேன்னா வாயைத் திறக்க மாட்டேன். நீங்க பக்கத்துலயே உக்காந்து பாருங்க."

கையைத் தேய்த்துக் கழுவி, பவுடர் இல்லாத கையுறை மாட்டினாள். காற்றில் மாவு இருந்தால் காட்டிக்கொடுக்கட்டும் என்று வெறும் கண்ணாடித் துண்டு ஒன்றையும் பக்கத்தில் திறந்து வைத்தாள். மேல்காறையை நீக்கிவிட்டு, பல்லை ஒட்டியிருந்த அடிக்காறையில் துளி எடுத்தாள்.

இயக்குநர் முதலில் வெறும் கண்ணாடியைப் பார்த்தார். ஒன்றுமில்லை. பிறகு மற்றதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மணி எல்லாம் உப்பி வெடிச்சிருக்கே."

"வெந்தா அப்படித்தான் சார் ஆகும். பக்கத்துல கரித்துணுக்கு இருக்கு பாருங்க. யாரோ நெருப்புல வேக வெச்சுத்தான் சாப்பிட்டிருக்காங்க."

பலகையைக் கழற்றச் சொல்லிவிட்டு அவர் குரலைத் தணித்தார். "அறிக்கையில உங்க பேருதான் முதல்ல. கையுறை விஷயத்தை விட்டுடலாம்மா, உங்க பேரு கெட வேணாம்."

"எழுதுங்க சார். பன்னெண்டு ஏன் போச்சுன்னு சொன்னாத்தான் இந்த ஒண்ணை நம்புவாங்க."

முதல் வரியில் அவள் பெயர் வந்தது. அடுத்த வரியில் அவள் தப்பு வந்தது. பல்லக்கா இரண்டையும் சத்தமாகப் படித்துவிட்டு, தலை நிமிர்ந்து கையெழுத்துப் போட்டாள்.