இரண்டு நூல் இறக்கம்

கட்டரின் இடுப்பு அன்றைக்கும் மக்கர் செய்தது. இடது பக்கத்தில், யாரோ ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் திருகுகிற மாதிரி ஒரு வலி. போன மாதம் பதினோராவது கிலோமீட்டரில் வந்தது, இப்போது ஒன்பதிலேயே வந்துவிட்டது. ஆறு வாரம் விழுந்து விழுந்து பயிற்சி செய்ததற்குக் கிடைத்த கூலி இது.

தையற்கடையில் துணி வெட்டுகிறவர் என்பதால் எல்லோருக்கும் அவர் கட்டர்தான். இருபத்தெட்டு வருடத்தில் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கிற உடம்பு ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை. ஆள் படியேறி வரும்போதே எந்தத் தோள் இறங்கியிருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவார். வாயைத் திறக்க மாட்டார். அந்தப் பக்கம் இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், இறக்கி வெட்டிவிடுவார். சட்டை அம்சமாக உட்காரும். மனைவிக்குத் தைத்த ஓட்டச் சட்டைக்கும் இதே வைத்தியம்தான். மூன்று வருடமாக அவள் பின்னாலேயே ஓடியதில் அவளுக்கு வலது தோள் இறக்கம் என்று தெரிந்துகொண்டிருந்தார்.

வருடா வருடம் நடக்கிற இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டத்துக்கு இருவரும் சேர்ந்துதான் பெயர் கொடுப்பார்கள். அவள் இரண்டடி முன்னால் போய்க்கொண்டே “வர்றீங்களா?” என்று திரும்பித் திரும்பிக் கேட்பாள். பதினாலாவது கிலோமீட்டரில் இவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்துவிடுவார். அவளும் நின்றுவிடுவாள். தினம் நாற்பது பிள்ளைகளைப் பள்ளிப் பேருந்தில் வைத்து ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்க்கிறவள், மூன்று வருடமாக அந்த முடிவுக்கோட்டைக் கண்ணால் பார்த்ததில்லை.

இந்த வருடம் பெயர் கொடுத்த அன்றே சொல்லிவிட்டாள்: “இந்தத் தடவை நீங்க நின்னா நான் நிக்க மாட்டேன். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் அவருக்குச் சுருக்கென்றது. அவளோடு சேர்ந்து அந்தக் கோட்டைத் தாண்டியே தீருவது என்று அன்றைக்கு முடிவு செய்தார்.

ஒரு காலுக்குப் பலம் குறைந்தால் ஓடும்போது அந்த முட்டி உள்பக்கம் சாயும் என்று எங்கோ படித்திருந்தார். மனைவியின் கையில் போனைக் கொடுத்து, தெருக்கோடியிலிருந்து தான் எதிரே ஓடிவருவதைப் படம் பிடிக்கச் சொன்னார். படத்தில் ஒரு முட்டி நன்றாகவே சாய்ந்தது.

“இடது கால். வலியும் இடதுதான். முடிஞ்சது கதை” என்றார்.

“ஏங்க, அது வலது மாதிரி இருக்கே.”

“அளவு எடுக்கறவன் நானா, நீயா?”

அதோடு அவள் வாயை மூடிக்கொண்டாள். அடுத்த ஆறு வாரம் வீட்டில் இடது காலுக்கு ராஜமரியாதை நடந்தது. இடது காலில் மட்டும் நூறு முறை உட்கார்ந்து எழுந்தார். இடது ஷூவுக்குள் ஒரு கார்க் துண்டைச் சீவி வைத்தார். சைக்கிளில் கடைக்குப் போகும்போது வலது காலைத் தொங்கப் போட்டுவிட்டு இடது காலால் மட்டும் மிதித்தார். முக்கு டீக்கடைக்காரர் “செயின் அறுந்துபோச்சா கட்டர்?” என்று தினமும் கேட்டார். வலி மட்டும் ஏறிக்கொண்டே போனது. ஷூ மேல் எரிந்து விழுந்தார், தார்ரோடு மேல் எரிந்து விழுந்தார், பஸ் கழுவிவிட்டு அலுத்து வருகிற மனைவி மேலும் எரிந்து விழுந்தார்.

ஓட்டத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, மதியம் வெட்டுமேஜையில் சாய்ந்துகொண்டு அதே படத்தை மறுபடி பார்த்தார். அப்போதுதான் பை கண்ணில் பட்டது. ஓடும்போது வீட்டுச் சாவி போட்டுக்கொள்ள டிரவுசரில் அவரே வைத்துத் தைத்த சின்னப் பை. வலது பக்கம் தைத்த பை. சாய்ந்த முட்டிக்கு நேர் மேலே இருந்தது.

கடையில் அவர் எப்போதும் ஆளுக்குப் பின்னால் நின்று, எதிரே இருக்கிற ஆளுயரக் கண்ணாடியில்தான் பார்ப்பார். கண்ணாடியில் இடப்பக்கம் தெரிவது இடது தோள்தான். இருபத்தெட்டு வருடப் பழக்கம். எதிரே ஓடிவருகிறவனுக்கு இடப்பக்கம் தெரிவது வலது கால்; அதையும் அதே கண்ணால் பார்த்திருக்கிறார். வலது கால் வேலை செய்யாமல் ஏமாற்றியிருக்கிறது. அதன் பாரத்தையும் சேர்த்துச் சுமந்த இடது இடுப்பைத்தான் இவர் ஆறு வாரமாக மேலும் வதைத்திருக்கிறார். கத்தரிக்கோலைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. எறிந்தால் முனை போய்விடும் என்று மேஜைமேலேயே வைத்தார்.

வீட்டுக்கு வந்து ஷூவிலிருந்த கார்க்கை எடுத்து மனைவி முன்னால் வைத்தார். “நீ சொன்னதுதான் சரி. வலது.”

“தெரியும்.”

“தெரிஞ்சும் ஏன் பேசாம இருந்தே?”

“முதல் நாளே சொன்னேனே. நாள் பூரா பஸ் கண்ணாடியப் பாத்து ஓட்டறவ நான். எது கண்ணாடி, எது எதிர்ல வர்ற ஆளுன்னு எனக்குத் தெரியாதா? நீங்கதான் டேப்ப எடுத்துக் கழுத்துல மாட்டிக்கிட்டீங்க.”

ஒன்பது நாளில் ஒரு காலைத் தேற்ற முடியாது. “நான் உக்காந்துட்டா நீ போயிடு. மூஞ்சியத் தூக்கி வச்சுக்க மாட்டேன்” என்றார். சொல்லும்போதே மூஞ்சி தொங்கித்தான் இருந்தது.

ஓட்டத்தன்று இடுப்பு பன்னிரண்டாவது கிலோமீட்டர் வரை தாக்குப்பிடித்தது. பன்னிரண்டு தாண்டியதும் கால் வரமாட்டேன் என்றது. அவள் வழக்கம்போல் வலப்பக்கமாகத் திரும்பினாள். “வர்றீங்களா?”

“போ. திரும்பாதே. போ!” என்று கத்தினார்.

அவள் ஒரு நொடி தயங்கினாள். பிறகு போனாள், திரும்பாமல்.

அவர் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து பார்த்தார். திரும்பாமல் ஓடுகிற மனைவியைப் பின்னாலிருந்து பார்ப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. அவர் தைத்த சட்டை வலது தோளில் சுருங்கிச் சுருங்கி மடிந்தது. எவ்வளவு பார்த்தாலும் சுருக்கம் போகவில்லை. தோள் நேராக இருந்தது. இரண்டு பக்கமும் ஒரே மட்டம். இவர் வருகிறாரா என்று திரும்பித் திரும்பிப் பார்த்ததில்தான் மூன்று வருடமாக அது இறங்கியிருந்தது.

அவள் கூட்டத்தில் கலந்து மறைகிற வரை அந்தத் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போனதும் அந்தச் சட்டையைப் பிரித்து நேராக்கித் தைக்க வேண்டும்.